நம்பை 2.0க்கு மாறும் முன்: அந்த ஒரு ரூபாய் எங்கே போகிறது?

நம்பை (NumPy) என்பது பைத்தான் மொழியில் எண் வரிசைகளைக் கணக்கிட உதவும் தொகுப்பு. அதன் 2.0 வெளிவந்தது 2024 ஜூன் 16ஆம் தேதி. 1.0 வந்தது 2006இல். நடுவில் 1.26 வரைக்கும் வந்த பதிப்புகள் பழைய நிரல்களைப் பெரிதாகக் கலைக்காமல் பார்த்துக்கொண்டன. அப்படிப் பல வருடம் தள்ளிப்போட்ட மாற்றங்களை எல்லாம் 2.0இல் மொத்தமாக இறக்கிவிட்டார்கள். 212 பேர் சேர்ந்து செய்த வேலை, 1078 புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றக் கோரிக்கை) என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு 2.1, 2.2, 2.3 எல்லாம் வந்தாயிற்று. ஆனாலும் 1.26.4ஐ விட்டு நகராத கணினிகள் இன்னும் உண்டு. கேட்டால், "அப்டேட் போட்டா எல்லாம் உடைஞ்சிடும்" என்பார்கள்.

உடையட்டும். உடைந்தால் பிழைச் செய்தி வரும், வரி எண் வரும், உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். பயப்பட வேண்டியது உடையாமல் ஓடி முடித்துத் தப்பான எண்ணைக் கையில் கொடுக்கிற இடங்களுக்குத்தான். இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கும். எடுத்துக்காட்டுகளை கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கத்து வேலைகளிலிருந்தே எடுத்திருக்கிறேன்: ஏலக்காய் லாட் கணக்கு, அணை நீர்க் கணக்கு, காய் நிறம் பார்க்கும் கேமரா. எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ரூபாய்க் கணக்கு. ஏலத்தில் விற்ற லாட்களின் தொகையை லூப் போட்டு ஒவ்வொன்றாகக் கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மெமரி மிச்சமாகும் என்று யாரோ எப்போதோ மொத்தத்தை ஃப்ளோட்32 (32 பிட்டில் வைக்கும் தசம எண்) ஆகத் தொடங்கி வைத்திருக்கிறார். மொத்தம் சரியாக 1,67,77,216 ரூபாயில் நிற்கிறது. அதோடு 1.0 கூட்டுங்கள். 1.26இல் விடை 1,67,77,217. 2.0இல் விடை 1,67,77,216. இன்னொரு ரூபாய் கூட்டினாலும் அதே எண். ஒவ்வொரு ரூபாயாக ஆயிரம் தடவை கூட்டினாலும் அது அங்கேயே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது.

1,67,77,216 என்பது 2இன் 24ஆம் அடுக்கு. ஃப்ளோட்32இல் எண்ணின் இலக்கங்களைப் பிடித்து வைக்க 24 பிட்தான் உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே இடைவெளி 2 ஆகிவிடும், ஒற்றைப்படை எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. இது 1.26இலும் இப்படித்தான். ஆனால் அங்கே நம்பையின் ஒற்றை ஃப்ளோட்32 எண்ணோடு பைத்தானின் 1.0ஐக் கூட்டினால், நம்பை தானாகவே விடையை ஃப்ளோட்64க்கு உயர்த்திவிடும். நீங்கள் கேட்காமலே கிடைத்த பாதுகாப்பு அது. 2.0இல் அது போய்விட்டது. இப்போது பைத்தானின் எண்ணுக்குச் சொந்தமாக வலு கிடையாது, எதிரே இருக்கும் நம்பை எண்ணின் வகை எதுவோ அதற்குள் அடங்கிவிடும். நெப் 50 என்று பெயர் வைத்த முன்மொழிவு இது.

புதிய விதிதான் சரி என்பேன். பழைய நம்பை விடையின் வகையைத் தீர்மானிக்க எண்ணின் மதிப்பையும் பார்த்தது. யுஇன்ட்8 (255 வரை மட்டும் கொள்ளும் முழு எண்) அரேயோடு, அதாவது எண் வரிசையோடு, 100ஐக் கூட்டினால் யுஇன்ட்8, 300ஐக் கூட்டினால் அதைவிடப் பெரிய யுஇன்ட்16. உள்ளே வரும் எண் மாறினால் வெளியே வரும் வகை மாறும். சோதனையில் ஒருவிதமாகவும் நிஜத் தரவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும் நிரலை யாரால் நம்ப முடியும்? 2.0இல் வகையை மட்டும் பார்த்தே விடையின் வகையைச் சொல்லிவிடலாம். ஆனால் பழைய விதியை அறியாமலே அதன் மேல் சாய்ந்து நின்ற நிரல்கள்தான் இப்போது அடிவாங்குகின்றன.

சரிசெய்வது சுலபம். மொத்தத்தை ஃப்ளோட்64 ஆகத் தொடங்குங்கள். அரேயை சம் போட்டுக் கூட்டினால், எண்ணின் வகையைச் சொல்லும் டிடைப்பில் டிடைப்=ஃப்ளோட்64 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். ஃப்ளோட்32 அரேயின் சம் இரண்டு பதிப்பிலும் ஃப்ளோட்32தான் தரும், அங்கே எதுவும் மாறவில்லை. மாறியது ஒற்றை எண்ணும் லூப்பும்தான். பணம் என்றால் இன்னும் ஒரு படி மேலே போய், பைசாவாக மாற்றி இன்ட்64இல் (64 பிட் முழு எண்) வைப்பதே நல்லது.

இதற்கு நேர் எதிரான மாற்றமும் உண்டு. ஃப்ளோட்32 அரேயை நம்பையின் ஒற்றை ஃப்ளோட்64 எண்ணால் பெருக்கினால் 1.26இல் விடை ஃப்ளோட்32 ஆகவே நிற்கும். 2.0இல் ஃப்ளோட்64 ஆகும். இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. நம்பையின் பை, அதாவது 3.14159 என்று போகும் அந்த எண், வெறும் பைத்தான் ஃப்ளோட். அதனால் பெருக்கினால் அரே ஃப்ளோட்32 ஆகவே இருக்கும். ஆனால் நம்பையின் ஸ்கொயர் ரூட்டில் 2ஐக் கொடுத்தால் திரும்பி வருவது நம்பை ஃப்ளோட்64. அதனால் பெருக்கினால் அரே முழுக்க ஃப்ளோட்64 ஆகி மெமரி இரட்டிப்பாகும். 2 ஜிபியில் அடங்கிய தரவு 4 ஜிபி கேட்கிறது என்றால் முதலில் இப்படிப்பட்ட வரியைத் தேடுங்கள். ஃப்ளோட் என்று சுற்றி அடைப்புக்குறி போட்டு பைத்தான் எண்ணாக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது கேமரா. படத்தின் ஒவ்வொரு பிக்சலும் யுஇன்ட்8, அதாவது 0 முதல் 255 வரை. காயின் பச்சை நிறம் 130க்குக் கீழே இருந்தால் ஒதுக்கு என்று எழுத வேண்டிய இடத்தில், "பிக்சலிலிருந்து 130ஐக் கழி, சுழிக்குக் கீழே போனால் ஒதுக்கு" என்று எழுதியிருப்பார்கள். பிக்சல் மதிப்பு 120 என்றால் 1.26இல் விடை கழித்தல் 10, காய் ஒதுங்கிவிடும். 2.0இல் விடை 246. சுழிக்குக் கீழே எதுவும் போகவே போகாது, ஆகவே ஒரு காயும் ஒதுங்காது. கூட்டலிலும் இதே கதை: ஒற்றைப் பிக்சல் 200ஓடு 100 கூட்டினால் முன்பு 300, இப்போது 44. ஒற்றை எண்ணாக இருந்தால் ரன்டைம் வார்னிங் ஒன்று வரும், அதுவும் ஒரு வரிக்கு ஒரு தடவைதான். ராத்திரி தானாக ஓடும் நிரலில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? முழு அரேயாகக் கழித்தால் இரண்டு பதிப்பிலும் 246தான், எச்சரிக்கையும் வராது. கழிப்பதற்கு முன்பே இன்ட்16க்கு மாற்றிவிடுவது எந்தப் பதிப்பிலும் நல்ல பழக்கம்.

யுஇன்ட்8 அரேயோடு 300ஐயோ கழித்தல் 5ஐயோ கூட்டினால் மட்டும் 2.0 நேராகவே ஓவர்ஃப்ளோ எர்ரர் போட்டு நின்றுவிடும். அது நல்லதே.

இப்போது விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு. இது 2.0 செய்த நல்ல காரியங்களில் ஒன்று. 64 பிட் விண்டோஸில்கூட நம்பையின் இயல்பான முழு எண் 1.26 வரைக்கும் இன்ட்32ஆகவே இருந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் இன்ட்64. காரணம், சி மொழியின் லாங் வகையை அப்படியே பின்பற்றியதுதான். விண்டோஸில் லாங் என்றால் 32 பிட்.

இதன் விளைவை அணைக் கணக்கில் பார்ப்போம். வினாடிக்கு 1,000 கன அடி வீதம் தண்ணீர் திறந்தால் ஒரு நாளைக்கு 1,000 பெருக்கல் 86,400, அதாவது 8,64,00,000 கன அடி. முப்பது நாளுக்கு 2,59,20,00,000 கன அடி, பேச்சு வழக்கில் 2.592 டி.எம்.சி. இன்ட்32 தாங்கும் உச்சம் 2,14,74,83,647. ஆக, தினக் கணக்கு ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், சம் போட்டதும் விண்டோஸ் 1.26 தரும் விடை கழித்தல் 1,70,29,67,296. மாதக் கடைசியில் அணையிலிருந்து தண்ணீர் பின்னோக்கிப் போனதுபோல! கழித்தல் குறி வந்தால் கண்ணில் பட்டுவிடும், தப்பித்தோம். கூட்டுத்தொகை இன்னும் ஏறி மறுபடி சுழிக்கு மேலே வந்துவிட்டால் பார்ப்பதற்கு நியாயமான எண்ணாகவே தெரியும், அப்போது பிடிக்க முடியாது. வெள்ளக் காலத்தில் 24,856 கன அடியைத் தொட்டாலே ஒரு நாள் பெருக்கலே உச்சத்தைத் தாண்டிவிடும், சம் வரைக்கும் போகவே வேண்டாம்.

2.0இல் விண்டோஸிலும் இன்ட்64. மேலே சொன்ன கூட்டல் சரியாக வரும். ஆனால் இந்த மாற்றமே ஒரு புதிய குழியையும் வெட்டியிருக்கிறது. பழைய விண்டோஸ் கணினியில் டுஃபைல் போட்டு எழுதிய பைனரி கோப்புகள் இருந்தால், அவற்றில் ஒவ்வொரு எண்ணும் 4 பைட். அதை 2.0இல் ஃப்ரம்ஃபைலுக்கு டிடைப்=இன்ட் என்று மட்டும் சொல்லிப் படித்தால் எட்டெட்டு பைட்டாகப் படிக்கும். அடுத்தடுத்து 1000, 1000 என்று இருந்த இரண்டு எண்கள் சேர்ந்து 42,94,96,72,97,000 என்ற ஒரே எண்ணாகிவிடும், வரிசையின் நீளம் பாதியாகும். டிடைப்பில் இன்ட்32 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நம்பையின் சொந்த வடிவமான என்.பி.ஒய் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, வகை கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கும்.

வெளிப்படையாக உடைபவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதி, 1 வரிசை நம்பையோடு சேர்த்துக் கம்பைல் செய்த எந்தத் தொகுப்பும் 2.0இல் ஓடாது. "நம்பை.டிடைப் சைஸ் சேஞ்ஜ்டு, எக்ஸ்பெக்டட் 96, காட் 88" என்ற மாதிரி செய்தி வந்தால் அர்த்தம் இதுதான்: நம்பை புதிது, அதன் மேல் நிற்கும் தொகுப்பு பழசு. நம்பையின் மேல் நிற்கும் தொகுப்புகளில் பாண்டாஸ் 2.2.2, சைபை 1.13, சைகிட்-லேர்ன் 1.4.2 இவற்றிலிருந்து 2.0ஓடு ஒத்துப்போகும். எதிர்த்திசையில் சிக்கல் இல்லை: 2.0ஓடு கம்பைல் செய்தது 1 வரிசையின் பிந்தைய பதிப்புகளிலும் ஓடும். சொந்தமாக சி நீட்சி எழுதி வைத்திருப்பவர்கள் 2.0 கொண்டு ஒரு தடவை கட்டினால் போதும், இரண்டு பக்கத்துக்கும் ஆகும்.

உடனே பழையதற்குத் திரும்ப வேண்டுமானால், தொகுப்புகளை ஏற்றும் பிப் கருவியில் பிப் இன்ஸ்டால் "நம்பை<2". அந்த மேற்கோள் குறி முக்கியம். அது இல்லாவிட்டால் ஷெல் (கட்டளை தட்டும் சாளரம்) 2க்கு முன்னால் உள்ள 'விடச் சிறியது' குறியை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, 2 என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடப் போய்விடும்.

பெயர் மாற்றங்கள் நிறைய. பெரிய எழுத்தில் தொடங்கிய 'இன்ஃப்' (முடிவிலி), 'நான்' (எண் அல்ல என்பதைக் காட்டும் மதிப்பு), கடைசியில் அடிக்கோடு போட்ட ஃப்ளோட், ப்ராடக்ட், ஆல்ட்ரூ எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. வளைவின் கீழ்ப் பரப்பைக் கணக்கிடும் ட்ராப்ஸ் இனி ட்ராபஸாய்ட், பழைய பெயருக்கு 2.0இல் எச்சரிக்கை வரும். இவற்றைக் கையால் தேட வேண்டாம். பைத்தான் நிரலைச் சரிபார்க்கும் ரஃப் கருவியில் என்.பி.ஒய்201 என்ற விதியைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் பட்டியல் போடும், ஃபிக்ஸ் என்று சேர்த்தால் பெரும்பாலானவற்றை அதுவே மாற்றிவிடும். அதனால் முடியாத ஒன்று, அரே உருவாக்கும்போது கொடுக்கும் காப்பி=ஃபால்ஸ். முன்பு "முடிந்தால் நகலெடுக்காதே" என்று பொருள். இப்போது "நகலெடுக்கவே கூடாது, எடுக்க வேண்டி வந்தால் பிழை போடு" என்று பொருள். பழைய நடத்தை வேண்டும் என்றால் அஸ்அரே பயன்படுத்துங்கள்.

அச்சாகும் விதமும் மாறியிருக்கிறது. ஒரு லிஸ்டுக்குள் இருக்கும் நம்பை எண்ணை அப்படியே பிரின்ட் செய்தால் 2450.5 என்று வராமல், என்.பி.ஃப்ளோட்64 என்ற பெயரோடு அடைப்புக்குறிக்குள் வரும். லிஸ்டை எஸ்டிஆர் போட்டுக் கோப்பில் எழுதும் நிரல் இருந்தால் எக்செலில் திறந்ததும் குப்பையாக இருக்கும். அரேயை லிஸ்ட் என்று சுற்றாமல் டுலிஸ்ட் போட்டு மாற்றுங்கள், வெறும் பைத்தான் எண்களாக வரும்.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு மாற வேண்டும் என்றால், தமிழில் பெயர்கள் வைத்து வேலை செய்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: எழுத்துச் சரங்களுக்கென்று வந்த புதிய வகையான ஸ்ட்ரிங்டிடைப். மலையாளத்துக்கும் இதே கணக்கு பொருந்தும்.

பழைய நம்பையில் எழுத்துச் சரங்களுக்கு நிலையான அகலம். ஊர்ப் பெயர் வரிசை ஒன்றைத் தேனி, கம்பம் என்று இரண்டு பெயரோடு தொடங்குங்கள். யூனிகோட் கணக்கில் தேனிக்கு 4 குறியீடு, கம்பத்துக்கு 6. புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். நீளமானது 6 என்பதால் வகை யு6, அதாவது ஆறு குறியீட்டு அகலம், ஆகிவிடும். இனி அந்த வரிசையில் ஒரு இடத்தில் வண்டன்மேடு என்று எழுதுங்கள். திரும்ப எடுத்துப் பார்த்தால் "வண்டன்" என்று இருக்கும். நெடுங்கண்டம் "நெடுங்" ஆகும். போடிநாயக்கனூர் "போடிநா" ஆகும். வண்டிப்பெரியார் என்று எழுதினால் "வண்டிப" என்று புள்ளியையும் தொலைத்துவிட்டு நிற்கும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. பிறகு வண்டன்மேடு என்று வடிகட்டி லாட்களைக் கூட்டினால் ஒன்றும் தேறாது, ஏனென்றால் அந்தப் பெயரில் அங்கே எதுவுமே இல்லை.

ஸ்ட்ரிங்டிடைப்பில் ஒவ்வொரு பெயரும் தன் நீளத்துக்கு இருக்கும், வெட்டுப்படாது. உள்ளே சேமிப்பது யுடிஎஃப்-8. அதில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், பழைய யு வகையில் 4. அரேயில் ஒவ்வொரு இடத்துக்கும் 16 பைட் ஒதுக்கப்படும், அதிலேயே 15 பைட் வரையான சரத்தை அடக்கிவிடுவார்கள். ஆக, ஐந்து தமிழ்க் குறியீடு வரைக்கும் வேறு இடம் தேட வேண்டாம். தேனி, போடி இரண்டும் 12 பைட், உள்ளேயே அடங்கும். அதற்கு மேல் போனால் தனிக் கிடங்கில் எழுதி, அதன் இருப்பிடத்தை மட்டும் இங்கே வைக்கும். வரிசையில் போடிநாயக்கனூர் ஒன்று இருந்துவிட்டால் பழைய முறையில் யு14, தேனிக்கும் 56 பைட். புதிய முறையில் தேனிக்கு 16. ஆனால் எல்லாப் பெயரும் போடிநாயக்கனூர் நீளத்துக்கே இருந்தால் லாபம் இல்லை, சொல்லப்போனால் சில பைட் கூடத்தான் ஆகும். நீளம் கலந்து கட்டியாக இருக்கும்போதுதான் மிச்சம். நம் ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் அப்படித்தானே.

இது தானாக வராது. வெறுமனே அரே என்று உருவாக்கினால் இன்னும் யு வகைதான். டிடைப்பில் ஸ்ட்ரிங்டிடைப் என்று நீங்கள் கேட்க வேண்டும். விடுபட்ட பெயர்களுக்கு என்ஏ_ஆப்ஜெக்ட் என்பதில் 'நான்' என்ற, எண் அல்லாத மதிப்பைக் கொடுத்து வைக்கலாம். என்.பி.ஒய் கோப்பாகச் சேமித்தால் பிக்கிள் (பைத்தான் பொருள்களைக் கோப்பாக்கும் முறை) வழியாகத்தான் போகும், ஆகவே படிக்கும்போது அலவ்_பிக்கிள்=ட்ரூ வேண்டும். யாரோ அனுப்பிய கோப்பை அப்படித் திறக்காதீர்கள், பிக்கிளுக்குள் எந்த நிரலையும் ஒளித்து வைக்க முடியும்.

தமிழுக்கென்றே ஒரு எச்சரிக்கை. "போ" என்பதை ப, ோ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், ப, ே, ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், நம்பைக்கு அவை வேறு வேறு பெயர்கள். புதிய வகையும் இதைச் சமன் செய்யாது. அரேயில் ஏற்றும் முன் பைத்தானின் யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸை என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் முறை) என்று கொடுத்து ஓட்டிவிடுங்கள். பல இடங்களிலிருந்து பல விசைப்பலகைகளில் தட்டிய பட்டியல்களைச் சேர்க்கும்போது இதைத் தவிர்க்கவே முடியாது.

மாறும் வேலையை எந்த வரிசையில் செய்வது? முதலில் இப்போதைய சூழலில் பிப் ஃப்ரீஸ் போட்டுப் பட்டியலைக் கோப்பில் எழுதி வையுங்கள். 1.26இலேயே இருந்துகொண்டு ரஃப் ஓட்டிப் பெயர்களைத் திருத்துங்கள், புதிய பெயர்களில் பெரும்பாலானவை 1.26இலும் உண்டு. ட்ராபஸாய்ட் மாதிரி 2.0இல் புதிதாக வந்தவற்றை மட்டும் மாறிய பிறகு தொடுங்கள். அடுத்து, 1.26இல் இருக்கும்போதே நம்பையின் _செட்_ப்ரமோஷன்_ஸ்டேட் என்பதில் வீக்_அண்ட்_வார்ன் என்று கொடுத்து நிரலை ஓட்டுங்கள். புதிய விதியால் விடையின் வகை மாறும் ஒவ்வொரு வரியையும் அது காட்டிக்கொடுக்கும். தேவையில்லாத இடத்திலும் நிறையக் கத்தும், பொறுமையாகப் பாருங்கள். மேலே சொன்ன ரூபாய், பிக்சல் வகைத் தப்புகள் மாட்டுவது இங்கேதான். இந்த வசதியை 2.2இல் எடுத்துவிட்டார்கள், அதனால் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவுபவர்களுக்கு இது கிடைக்காது.

பிறகு தனியாக ஒரு புதிய வென்வ் (தனித்த பைத்தான் சூழல்) உருவாக்கி, அதில் நம்பை 2ஐயும் ஒத்துப்போகும் பாண்டாஸ், சைபையையும் ஏற்றுங்கள். பழையதை அழிக்க வேண்டாம். ஒரே உள்ளீட்டைக் கொடுத்து இரண்டிலும் ஓட்டி, விடை அரேக்களை என்.பி.ஒய் கோப்பாகச் சேமித்து, டெஸ்டிங் பகுதியில் உள்ள அசர்ட்_அரே_ஈக்வலில் ஸ்ட்ரிக்ட்=ட்ரூ என்று கொடுத்து ஒப்பிடுங்கள். ஸ்ட்ரிக்ட் இல்லாவிட்டால் எண் ஒன்றாக இருந்து வகை மட்டும் மாறியிருப்பது தெரியாமல் போகும். ஒப்பிட எடுக்கும் தரவில் வழக்கமான நாளோடு, மழைக்காலத்தில் நீர்வரத்து உச்சத்தில் இருந்த ஒரு நாளும், விற்பனைத் தொகை 1,67,77,216ஐத் தாண்டிய ஒரு நாளும் கட்டாயம் இருக்கட்டும். சின்ன எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட கூட்டல் கணக்குகளில் இரண்டு பதிப்பும் பெரும்பாலும் ஒரே விடைதான் சொல்லும்.